டேனிஷ் கோட்டையும் ஒரு கைம்பெண்ணின் கடன் வழக்கும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு இங்கே மான்ட்ரியலில் காலை. சென்னையில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்திருப்பீர்கள். சிட்னியிலிருந்து இரண்டு பேர் இணைந்திருப்பதாகப் பார்த்தேன், அங்கே நள்ளிரவு. தூக்கம் விழித்துக் கேட்பவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கு அதன் அருமை தெரியும்.

ஐரோப்பியக் கோட்டைகளின் வரலாறு என்ற வரிசையில் ஒரு ஜெர்மானியக் கோட்டையைப் பற்றிப் பேசும்படி அமைப்பாளர்கள் கேட்டார்கள். நான் பேசப்போவது தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டையைப் பற்றி. அது டென்மார்க்காரர்கள் கட்டியது. ஆனால் அந்தக் கோட்டையின் பெயரை இன்று தமிழர்கள் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அதற்குள் அடைக்கப்பட்ட ஒரு ஜெர்மானியர். அவர் அடைக்கப்பட்டதற்குக் காரணம் ஒரு தமிழ்ப் பெண். கைதியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியதில்லை. அதற்காகத்தான் இந்த உரை.

முதலில் ஜெர்மனிக்குப் போய்விட்டு வருவோம், அமைப்பாளர்களுக்கும் திருப்தியாக இருக்கும்.

என் தங்கை ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது ஒருநாள் ரயிலேறி ஐசனாக் என்ற சிறு ஊருக்குப் போனோம். இசைமேதை பாக் பிறந்த ஊர். ஊருக்கு மேலே காடு மூடிய குன்றின் உச்சியில் வார்ட்புர்க் கோட்டை இருக்கிறது. 1067-இல் தொடங்கப்பட்டது என்பது மரபு. ரயில் நிலையத்திலிருந்து பேருந்து போகிறது, ஆனால் அது இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏறித்தான் ஆக வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டியது. பழைய அரண்மனைப் பகுதியின் தூண்களும் வளைவுகளும் மட்டும் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

எல்லோரும் வரிசையில் நின்று பார்ப்பது மரப்பலகை அடித்த ஒரு சிறிய அறையை. 1521 மே மாதம் மார்ட்டின் லூத்தரை அங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்தார்கள். பேரரசர் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்த நேரம். அவருக்கு ஆதரவாக இருந்த சாக்சனி சிற்றரசர், வழியில் யாரோ கடத்திப் போனது போல ஒரு நாடகம் நடத்தி அவரைக் காப்பாற்றினார். லூத்தர் தாடி வளர்த்து, வீரர் உடை தரித்து, 'யோர்க்' என்ற பெயரில் பத்து மாதம் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் ஏறக்குறைய பதினொரு வாரத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் கிரேக்கத்திலிருந்து மக்கள் பேசும் ஜெர்மன் மொழிக்கு மாற்றினார். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வந்தது. அந்த அறையில் ஒரு மேசை, ஓர் அடுப்பு, கால் வைத்துக்கொள்ள ஒரு திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டு. அவ்வளவுதான். பிசாசின் மேல் லூத்தர் மைக்கூட்டை எறிந்ததால் சுவரில் கறை படிந்தது என்று ஒரு கதை உண்டு. வந்தவர்களெல்லாம் நினைவுக்கென்று சுரண்டிச் சுரண்டி இப்போது கறையும் இல்லை, அந்த இடத்துக் காரையும் இல்லை.

எனக்கு அந்த அறையைவிட முக்கியமாகப் பட்டவர் இன்னொருவர். லூத்தருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1211-இல், ஹங்கேரி அரசரின் நான்கு வயது மகளை மருமகளாக்க அந்தக் கோட்டைக் குடும்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் எலிசபெத். அவள் வளர்ந்து கோட்டையின் எஜமானி ஆனாள். 1226-இல் பஞ்சம் வந்தபோது தானியக் கிடங்கைத் திறந்துவிட்டாள். குன்றின் அடியில் ஒரு மருத்துவமனை வைத்து, தானே இறங்கிப் போய் நோயாளிகளைக் கழுவித் துடைத்தாள். அடுத்த ஆண்டு கணவர் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் நோய்கண்டு இறந்தார். இருபது வயதில் கைம்பெண். கோட்டையை விட்டு வெளியேறி, மார்புர்க் நகரில் 1228-இல் இன்னொரு மருத்துவமனை தொடங்கி, அங்கேயே வேலை செய்து 24 வயதில் இறந்துபோனாள். கத்தோலிக்கர்கள் அவளைப் புனிதராக வணங்குகிறார்கள். கோட்டைச் சுவர்களில் அவள் வாழ்க்கையை அழகான ஓவியங்களாக வரைந்திருக்கிறார்கள், தங்கத் துகள் பதித்த ஓர் அறையே இருக்கிறது. அவள் கழுவிய புண்களைத்தான் அந்த ஓவியங்களில் தேட வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் இருந்துகொண்டு வேதத்தை மொழிபெயர்த்த ஒருவர், கோட்டையின் கைம்பெண் ஒருத்தி. தரங்கம்பாடியிலும் இதே போல் இருவர் வருவார்கள்.

இனி நம் ஊர். 1616-இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். மிளகு வாங்கி விற்க ஆசை. 1618 இறுதியில் ஓவே யெத்தே என்ற 23 வயது இளைஞரின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. இருபத்துமூன்று வயதுப் பையனிடம் கப்பற்படையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பையன்களிடம் கார்ச் சாவியைக் கொடுக்க நாம் யோசிக்கிறோம்.

அவர்கள் நோக்கம் தரங்கம்பாடி அல்ல, இலங்கை. கண்டி அரசர் போர்த்துக்கீசியரை விரட்ட உதவி தேடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். 1620-இல் கிழக்குக் கரையில் இறங்கி, கண்டியோடு பேச்சு நடத்தி, திருகோணமலையில் கோட்டை கட்டவும் தொடங்கினார்கள். பேச்சு படியவில்லை. இந்தக் கூட்டத்தில் இருக்கும் ஈழத்து நண்பர்கள் கவனிக்க: கொஞ்சம் வேறுமாதிரி நடந்திருந்தால் இந்தக் கோட்டை உங்கள் கரையில் இருந்திருக்கும்.

இதற்கிடையில் முன்னோட்டமாக அனுப்பிய ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்ற வணிகர் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது ரகுநாத நாயக்கர் ஆட்சி. கவிஞர், இசையறிந்தவர், அதற்கு மேல் கணக்குத் தெரிந்த அரசர். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்திலேயே இன்னொரு வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தால் இருவரையும் போட்டி போட வைக்கலாம். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த நாள்களில் டென்மார்க் அரசருக்கு நாயக்கர் பொன்னோலையில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

நாம் பொதுவாக 'டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைப் பிடித்தார்கள்' என்று சொல்கிறோம். அவர்கள் பிடிக்கவில்லை, குத்தகைக்கு வந்தார்கள். ஆண்டுதோறும் தஞ்சைக்குக் கப்பம் கட்டினார்கள், கட்டாதபோது தஞ்சைப் படை வந்து வாசலில் நின்றது. ஊரும் அவர்கள் உண்டாக்கியது அல்ல. கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியர் குலசேகரன் காலத்தில் கட்டியது. அந்தக் காலக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. 'தரங்கம் என்றால் அலை, பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலாப் பலகைகள் எழுதுவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சடங்கன்பாடி எப்படித் தரங்கம்பாடி ஆயிற்று என்று யாராவது மொழியியல்காரர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். டேனிஷ்காரர்களின் நாக்கில் அது ட்ரான்கேபார் ஆயிற்று.

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய இரண்டடுக்குக் கட்டடம், அதைச் சுற்றி மதில், அதற்கு வெளியே அகழி, அகழிமேல் தூக்குப்பாலம். அகழியும் பாலமும் இன்று இல்லை. டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைகளில் இது இரண்டாவது பெரியது என்பார்கள். முதலாவது ஹாம்லெட் நாடகம் நடக்கும் எல்சினோரில் உள்ள குரோன்போர்க். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள்: மிளகுக் கிடங்கு, மருந்துக் கிடங்கு (நம் மருந்து அல்ல, வெடிமருந்து), சமையற்கட்டு, சிறை. கோட்டை என்றால் வீரர்கள் நினைவுக்கு வருவார்கள். உண்மையில் அது பூட்டுப் போட்ட பண்டகசாலைதான்.

அந்தப் பண்டகசாலையையும் கம்பெனி மறந்துபோன காலம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் போர், கம்பெனி திவால். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்த டேனிஷ்காரர்கள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655 வாக்கில் மிஞ்சியவர் ஒரே ஒருவர், எஸ்கில் கோங்ஸ்பக்கே. பீரங்கி சுடுபவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறார்கள். அவர் உள்ளூர் ஆள்களையும் போர்த்துக்கீசியக் கலப்பினத்தாரையும் சேர்த்துக்கொண்டு கோட்டையில் டேனிஷ் கொடியைப் பறக்கவிட்டார். வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்தார். அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, தஞ்சை முற்றுகைகளைத் தாங்கினார். 1669-இல் ஒருவழியாகக் கப்பல் வந்தபோது, 'இன்னும் இருக்கிறாயா!' என்று அதிசயித்து அவரையே அதிகாரபூர்வத் தலைவராக நியமித்தார்கள். இந்த மனிதரை வைத்து யாரும் இன்னும் நாவல் எழுதாதது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இந்தக் கூட்டத்தில் நாவலாசிரியர்கள் இருக்கிறீர்கள்.

1706 ஜூலை 9 அன்று இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளுட்சோ. எங்கள் சபையில் முன்னவரைச் 'சீகன்பால்கு ஐயர்' என்றுதான் சொல்வோம். குருமார்களை ஐயர் என்று அழைப்பது தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வழக்கம், வேறு பொருள் இல்லை. சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, ஹாலே நகரில் படித்தவர். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அவர்களை அனுப்பினார். ஆனால் கோட்டையின் தலைவர் ஹாசியுஸ் அவர்களை விரும்பவில்லை. வணிகம் நடக்கும் இடத்தில் போதகர்கள் வந்து கேள்வி கேட்டால் எந்த வணிகருக்குப் பிடிக்கும்? அரசர் அனுப்பியவர்கள் என்பதால் திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

துறைமுகத்தில் அப்போது எல்லோரும் கலப்புப் போர்த்துக்கீசிய மொழியில் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். புளுட்சோ அதைக் கற்றார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். ஓர் உள்ளூர் வாத்தியாரைத் தம் இடத்திலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பெழுதி ஒரு பட்டியல் செய்தார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் 1708-இல் ஜெர்மன் மொழிக்கு மாற்றினார். பின்னால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதி அனுப்பியபோது, ஹாலேயிலிருந்து ஃபிராங்கே கடிந்து எழுதினார்: உங்களை அங்கே அனுப்பியது அந்த மூடநம்பிக்கையை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற பொருளில். அந்த நூல் 1867 வரை அச்சாகவில்லை.

1708 அக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரே மாதத்தில் டான்ஸ்போர்க் கோட்டையில் சிறை. நான்கு மாதம்.

ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் அம்மா பொறையாற்றுக்காரர், கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரம். 'ஐயர் சுவிசேஷத்துக்காகச் சிறையில் இருந்தார்' என்பதுதான் நாங்கள் கேட்ட வாக்கியம். வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் ஆவணங்கள் சொல்லும் நிகழ்ச்சி இன்னும் சாதாரணமானது, அதனாலேயே இன்னும் கனமானது.

தரங்கம்பாடியில் ஒரு நாவிதர் இறந்துபோனார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே ஒரு கடன் விவகாரம் இருந்தது. கணவர் போனபின் அது மனைவியின் தலையில் விழுந்தது. எதிராளி கம்பெனியின் ஆள். அதிலும் மொழிபெயர்ப்பாளர்! அவள் பேசுவது ஆளுநரின் காதுக்குப் போக வேண்டுமென்றால் அந்த மாதிரி ஆள்களின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு இது உடனே புரியும். நோயாளி ஒன்று சொல்கிறார், துணைக்கு வந்தவர் அதை வேறொன்றாக மாற்றிச் சொல்கிறார், மருத்துவர் மாற்றிச் சொன்னதை எழுதிக்கொள்கிறார். மான்ட்ரியலில் பிரெஞ்சு தெரியாத தமிழ் அம்மாக்களுக்கு நான் அப்படி நடுவில் நின்றிருக்கிறேன். நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் சீகன்பால்குவிடம் போனாள். ஏன் போனாள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை: தமிழில் நேரடியாகக் கேட்கக்கூடிய ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். அவர் அவளுக்காகக் கோட்டையில் பேசினார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. காரியம் நடக்கவில்லை. கடைசியில் அவர் ஒரு யோசனை சொன்னார். ராஜா வீதியில் டேனிஷ்காரர்களின் சீயோன் ஆலயம் இருக்கிறது, 1701-இல் கட்டியது. ஹாசியுஸ் வழிபாட்டுக்கு அங்கே வருவார். அங்கே போய் அவர் முன்னால் முழந்தாளிட்டு நியாயம் கேள் என்றார்.

இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சொன்னவருக்கு அது யோசனை. செய்ய வேண்டியவள் அவள். வெள்ளைக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஆலயம், தமிழ்ப் பெண், கைம்பெண், நாவிதர் வீட்டுக்காரி. ஹாசியுஸுக்கு அவமானமாகப் போயிற்று. தன் தலைமைப் பொறுப்பைத் தன் ஆலயத்திலேயே கேள்வி கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். சீகன்பால்குவை வரச் சொல்லி ஆளனுப்பினார். எழுத்தில் அழைப்பு கொடுங்கள், வருகிறேன் என்றார் சீகன்பால்கு. அவரும் லேசுப்பட்டவர் அல்ல, பிடிவாதக்காரர். காவலர்கள் வந்து பிடித்துப் போனார்கள். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். கீழ்த்தளத்துச் சிறையில் போட்டார்கள். 1709 மார்ச் மாதம்தான் வெளியே வந்தார்.

லூத்தரின் கோட்டை அவரைக் காப்பாற்றுவதற்காக மூடியது. சீகன்பால்குவின் கோட்டை அவரை அடக்குவதற்காக மூடியது. இந்த ஒப்பீட்டைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன், நல்ல ஒப்பீடுதான். ஆனால் அதில் அந்தப் பெண் விழுந்துவிடுகிறாள். கைதி விடுதலையானதை எல்லோரும் சொல்கிறார்கள், அவள் கடன் என்னவாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. சபை வரலாறுகளில் அவள் 'ஒரு நாவிதரின் விதவை', அவ்வளவே.

நாவிதர் என்ற சொல்லையும் சும்மா விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர் உண்டு. கட்டி அறுப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது ஆண்களின் வேலை. பிரசவம் பார்ப்பது பெண்களின் வேலை. மருத்துவச்சி என்று சொல்வது அவர்களைத்தான். ஐரோப்பாவிலும் அந்தக் காலத்தில் கப்பலிலும் படையிலும் அறுவை செய்தவர்கள் முடிதிருத்துபவர்கள்தான். ஊரில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்தவர்கள், செத்தவர்களுக்கும் கடைசிக் காரியம் செய்தவர்கள். அவர்கள் இல்லாமல் ஊர் ஒருநாள் நகராது. ஆனால் திண்ணைக்கு மேல் ஏற விடமாட்டார்கள். என் தொழிலின் பழைய வேரைத் தேடிப் போனால் நைட்டிங்கேல் அம்மையாருக்கு முன்னால் நான் இந்த வீடுகளின் வாசலில்தான் போய் நிற்பேன். செவிலியர் பட்டயப் படிப்பில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் வாழும் நகரமும் ஒரு கோட்டையாகத் தொடங்கியதுதான். 1642 மே மாதம் மேசொன்னேவ் என்ற பிரெஞ்சுக்காரரின் தலைமையில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் வில்-மரி என்ற சிறு கோட்டையை எழுப்பினார்கள். கூடவே ஜான் மான்ஸ் என்ற பெண் வந்திருந்தார். கோட்டைக்குள்ளேயே நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கி, 1645-இல் ஒத்தேல்-தியே மருத்துவமனையை நிறுவினார். ஆனால் நகரத்தை நிறுவியவர் என்று மேசொன்னேவை மட்டுமே சொல்லிவந்தார்கள். ஜான் மான்ஸும் நிறுவனர்தான் என்று மான்ட்ரியல் நகரம் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 2012-இல். முந்நூற்று எழுபது ஆண்டுகள் ஆயிற்று. அவருக்காவது பெயர் இருந்தது.

மீண்டும் தரங்கம்பாடி. சீகன்பால்கு 1711 மார்ச்சில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். அச்சிட வேண்டுமே. லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மீட்டுக் கொண்டுவருவதற்குள் கூட வந்த அச்சாளர் இறந்துபோனார். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி வார்த்தார்கள் என்று சொல்வார்கள். 1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயின. தமிழில் முதல் அச்சு நூல் இதுதான் என்று சிலர் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வார்கள். அது சரியல்ல. 1578-இலேயே கொல்லத்தில் அன்றிக்கே பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டுவிட்டார். பெருமையைக் கொடுக்க வேண்டியவருக்குக் கொடுத்துவிட வேண்டும், அவர் வேறு சபை என்றாலும்.

அச்சகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 1709-இல் வந்து சேர்ந்த க்ருண்ட்லர் என்ற போதகர் 1711-இல் எழுதிய ஒரு நூலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தமிழ் மருத்துவச் சுவடிகளைத் திரட்டி, தமிழர்கள் நோய்களை எப்படி வகைப்படுத்தினார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஜெர்மன் மொழியில் எழுதினார். 'மலபார் மருத்துவர்' என்பது தலைப்பின் பொருள். அவர்கள் தமிழை மலபார் மொழி என்றார்கள். உள்ளூர் மருந்தைக் கற்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருந்தது. 1730-இல் ஹாலேயிலிருந்து மிஷனுக்கென்றே அனுப்பிய முதல் மருத்துவர் ஷ்லேகல்மில்க் வந்த ஆண்டிலேயே இறந்துபோனார். சீகன்பால்குவே 1719-இல் இறந்தபோது வயது 36. தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு அடுத்த ஆண்டு க்ருண்ட்லரும் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1707 மே மாதம் சீகன்பால்குவும் புளுட்சோவும் முதன்முதலாகத் திருமுழுக்குக் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள். டேனிஷ்காரர்கள் தமிழ்க் கரையிலிருந்து ஆள்களை வாங்கிக் கப்பலேற்றி விற்றதும் உண்டு. பஞ்ச காலத்தில் ஆள் மலிவு. கோட்டையின் மேல்மாடியில் நின்று கடல்காற்று வாங்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

கடைசியில் 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டது. ஆங்கிலேயருக்குத் துறைமுகம் வேண்டியிருக்கவில்லை. ஊர் தூங்கிப்போயிற்று. கோட்டை பயணியர் விடுதி ஆயிற்று. 1970களின் இறுதியில்தான் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்து அருங்காட்சியகம் வைத்தது. 2000க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து வந்த ஆர்வலர்களின் உதவியோடு பழுதுபார்த்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் குப்பத்திலும் சாவு விழாத தெரு இல்லை. கோட்டை நின்றது. அதன் சுவர் கனமானது, பின்னால் இருந்த குடிசைகளின் சுவர் கனமானது அல்ல. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

ஊருக்குப் போகும்போது பார்க்க விரும்புகிறவர்களுக்கு: தரங்கம்பாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டம். மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்பு அங்கிருந்து ரயில் வந்துகொண்டிருந்தது, 1980களில் நிறுத்திவிட்டார்கள். காரைக்கால் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகம் மூடியிருக்கும். 1792-இல் புதுப்பித்த ஊர்வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் ராஜா வீதி. ஒரு பக்கம் சீயோன் ஆலயம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் புதிய எருசலேம் ஆலயம். தெரு முடிகிற இடத்தில் கோட்டை மைதானம், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அருங்காட்சியகத்தில் பீங்கான் துண்டுகள், பழைய காசுகள், நாயக்கர் ஒப்பந்தத்தின் நகல் எல்லாம் இருக்கும். பலரும் மேல்தளத்தில் நின்று கடலோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

நீங்கள் கீழ்த்தளத்து அறைகளுக்கும் போங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஈர வாடை அடிக்கும். பிறகு திரும்ப ராஜா வீதியில் நடந்து சீயோன் ஆலயத்துக்குள் சிறிது நேரம் உட்காருங்கள். ஞாயிறுகளில் அங்கே இப்போது தமிழில்தான் ஆராதனை. கோட்டையிலிருந்து ஆலயத்துக்கு நடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.